பித்தளைப் பூணும் ஒரு சாக்கு ரவைக் கோதும்

வாசகர் கடிதம்:

வணக்கம் ஐயா. புதுக்குடியிருப்புப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஓடாவிமாரின், அதாவது தச்சரின், உளிப் பிடிகள் பிளக்காமல் இருக்க மாட்டும் பித்தளை வளையமான பூண் செய்து கொடுக்கிறேன். 19 மில்லிமீற்றர் குழாயைத் துண்டாக்கி, ஜாக் பிரஸ்ஸில் வைத்து ஒரு டைக்குள்ளால், அதாவது ஒடுக்குகிற துளை உள்ள இரும்பு அச்சுக்குள்ளால், தள்ளி 16 ஆக ஒடுக்குவேன். குழாயின் தடிப்பு 1 மில்லிமீற்றர். பத்துத் துண்டில் இரண்டு டைக்குள் இறுகிப் போகிறது; வெளியே வருவதிலும் நெடுகக் கீறல். ஒரே டையில் வந்தாலும் அளவு ஒன்றுபோல இல்லை. வாயை மடித்து விளிம்பு கட்டும்போது கிழிகிறது. எல்லாவற்றிலும் பெரிய தலையிடி என்னவென்றால், நல்லதாகச் செய்து கொடுத்த பூண்களே கார்த்திகை, மார்கழியில் தானாக நெடுக வெடிக்கின்றன. கனடாவில் இருக்கிற மச்சான், அங்கே ஆட்கள் சுட்டு முடித்த ரைபிள் ரவைகளின் வெற்றுக் கோதுகளை டையில் போட்டுத் திரும்ப அளவுக்குக் கொண்டுவருகிற வீடியோ ஒன்று அனுப்பினார். அதில் செய்வதுபோல வாய்ப்பக்கத்தை மட்டும் காஸ் டோர்ச்சில் காட்டிப் பார்த்தேன். சரிவரவில்லை. கடைசியாக ஒன்று. பழைய இரும்பு எடுக்கிற ஒருவர் ஒரு சாக்கு நிறைய ரவைக் கோது மலிவாகத் தருகிறேன் என்கிறார். அதுவும் பித்தளைதானே, பாவிக்கலாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தச் சாக்கை வாங்க வேண்டாம். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். உங்கள் வளவுக்குள் இறக்கி வைக்கவும் விடாதீர்கள்.

சாக்கில் இருப்பது எல்லாம் வெறும் கோது என்று கொண்டுவந்தவர் நம்பிச் சொல்லலாம். ஆயிரம் கோதை ஒருவரும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சாக்கில் போடுவதில்லை. முனை மண்ணால் அடைபட்டுக் கோதுபோலத் தோன்றும் முழு ரவை ஒன்று அதற்குள் கிடந்தால் போதும். சுட்டும் வெடிக்காமல் போனது, அடியில் இன்னும் வெடிக்காமல் இருக்கும் கப்சூல் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), இன்னும் பெரிய வெடிசாமான்களின் பியூஸ், இவை எல்லாம் அதே மண்ணில் இருந்து அதே மண்வெட்டியால் கிளறி எடுத்தவைதான். உலையில் விழுந்த ரவை துவக்கில் இருந்து போவதுபோல நேராகப் போகாது. அதைச் சுற்றிப் பிடிக்கக் குழல் இல்லாததால் கோதே கிழிந்து, அந்தப் பித்தளைத் துண்டுகள் நாலாபக்கமும் பறக்கும். உலைக்கு முன்னால் குந்தியிருப்பவனுக்கு அது கண் மட்டத்தில் வரும்.

போருக்குப் பிறகு மீளக்குடியேறிய முதல் ஆண்டுகளில் எங்கள் பட்டறைக்குப் பழைய இரும்பு கொண்டுவந்த பொடியன் ஒருவன், வேறொரு இடத்தில் பித்தளை உருக்கப் போய் இடது கண்ணை இழந்தான். அன்று காலைதான் என்னிடம் வந்து குறடு இரவல் வாங்கிப் போனான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து கோது விஷயத்தில் நான் யாருக்கும் இடம் கொடுப்பதில்லை.

வேலைக்கணக்காகப் பார்த்தாலும் அந்தச் சாக்கு உங்களுக்கு உதவாது. ஏ.கே. ரக ரவைகளின் கோதுகளில் நிறைய பித்தளையே இல்லை. இரும்புக் கோதுக்கு மேலே செம்பு முலாம் அல்லது பச்சை, பழுப்பு வார்னிஷ் பூசியிருப்பார்கள். உண்மையான பித்தளைக் கோதும் உப்பு ஏறிய மண்ணில் பதினைந்து வருடத்துக்கு மேல் கிடந்தால் அதிலுள்ள நாகம் (துத்தநாகம்) கரைந்து போய்விடும். சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரியும். அது பஞ்சுபோன்ற செம்பு, டைக்குள் நொறுங்கும். சட்டப்படி பார்த்தாலும் இலங்கையின் 1916ஆம் ஆண்டுத் துவக்குக் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் இன்னும் நடப்பில் உள்ளன. சாக்கில் ஒரு முழு ரவை இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

சாக்கு ஏற்கெனவே உங்கள் வளவில் இருந்தால் கிண்டிப் பார்க்க வேண்டாம், தூக்கி வேறிடத்தில் வைக்கவும் வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிட்டு கிராம அலுவலரிடமோ 119க்கோ சொல்லுங்கள். உங்கள் பக்கம் ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் என்று கண்ணிவெடி அகற்றும் குழுக்களின் வாகனங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் சொன்னாலும் உரிய இடத்துக்குத் தகவல் போகும்.

இனி உங்கள் பூணுக்கு வருவோம்.

மச்சான் அனுப்பிய காணொளியில் இருந்த வேலை அந்த வேலைக்குச் சரியானதுதான். கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் உரிமம் வைத்து இலக்குச் சுடுபவர்களும் வேட்டைக்காரரும் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்வது அது. சுட்டதும் கோது துவக்கின் அறை அளவுக்கு விரியும். திரும்ப அறைக்குள் போக வேண்டுமென்றால் டையில் போட்டு ஒடுக்க வேண்டும். சுடும்போது விரிவதும் டையில் ஒடுங்குவதுமாக, ஒவ்வொரு தடவையும் கோதின் கழுத்துத்தான் கூடுதலாக அசைகிறது. அசைய அசைய அது கடினமாகி ஒரு நாள் கிழியும். அதனால்தான் கழுத்தை மட்டும் சில செக்கன் சூடாக்கி இளக்குகிறார்கள். அடிப்பக்கத்தில் சூடு படவே விடமாட்டார்கள். சில ரக ரைபிள்களில் சுடும் கணத்தில் அறைக்குள் 4000 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் எழும். அதைத் தாங்கிப் பிடிப்பது கடினமான அடிப்பாகம். அடி இளகினால் சுடுபவரின் முகத்துக்கு ஆபத்து.

அதாவது அந்தப் பொருளுக்கு வாய் மெதுவாகவும் அடி கடினமாகவும் இருக்க வேண்டும். உங்கள் துண்டுக்கு அடி, வாய் என்று ஒன்றும் இல்லை. முழு நீளமும் டைக்குள்ளால் ஒடுங்கப் போகிறது. நீங்கள் வாயை மட்டும் இளக்கிவிட்டு, கடையில் வாங்கிய அதே கடினத்தோடு மீதியை டைக்குள் தள்ளியிருக்கிறீர்கள். இளகிய வாய் இலேசாக உள்ளே போகும். கடினமான உடம்பு வந்து முட்டியதும் ஜாக்கை இன்னும் அழுத்துவீர்கள். துண்டு இறுகும். கடையில் விற்கிற பித்தளைக் குழாய் பெரும்பாலும் இழுத்து முடித்த கடினத்தோடுதான் வருகிறது. அதை வைஸில் நசுக்கிப் பாருங்கள், வில்லுப்போல எதிர்க்கும். முழுதும் இளக்கிய துண்டை நசுக்கினால் ஈரமண்போல அமுங்கிக் கிடக்கும். இந்த வித்தியாசம் ஒரு தடவை கைக்குப் பிடிபட்டால் உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்தது.

ஆகவே முதல் வேலை, துண்டை முழுதாக இளக்குவது. சிரட்டைக்கரி உலை போதும். பட்டறையை இருட்டாக்கிக் கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் பித்தளையின் நிறத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. நிழலில், கரும்சிவப்பு இப்போதுதான் தெரிகிறது என்ற இடத்தில் நிறுத்துங்கள். அது ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ். அதற்கு மேல் சூடாக்க ஆசை வரும், வேண்டாம். 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை 915 பாகையில் உருகத் தொடங்கும். அதற்கு வெகுமுன்னரே, மிதமிஞ்சிய சூட்டில் பித்தளைக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பெருத்து, ஒடுக்கும்போது மேற்பரப்பு தோடம்பழத் தோல்போலச் சொரசொரப்பாகும். வெள்ளைப் புகை கிளம்பினால் நாகம் எரிகிறது என்று அர்த்தம். அதைச் சுவாசித்தால் இரவில் நடுக்கக் காய்ச்சல் வரும். பட்டறையின் இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

சூடாக்கிய பித்தளையைத் தண்ணீரில் போட்டால் கடினமாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது உருக்குக்குப் பொருந்தும், பித்தளைக்கு இல்லை. தாராளமாக வாளிக்குள் போடுங்கள். கறையும் கொஞ்சம் கழரும். மிச்சக் கறையைப் புளி போட்டு விளக்குங்கள், அம்மாமார் குத்துவிளக்கு விளக்குவதுபோல. கறையோடு டைக்குள் விடாதீர்கள். அந்தக் கறை டையின் வாயை அரம்போல அராவும்.

இதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உங்கள் குழாய் எந்தப் பித்தளை? ஒரு துண்டில் 5 மில்லிமீற்றர் துளை போட்டுத் துருவலைப் பாருங்கள். சுருள் சுருளாக நீண்டு வந்தால் ஒடுக்க ஏற்ற பித்தளை. உமிபோலப் பொடிப்பொடியாகச் சிதறினால் ஈயம் கலந்த கடைச்சற் பித்தளை. லேத்தில் அது அருமையாக வெட்டுப்படும், ஆனால் குளிராக ஒடுக்கினால் வெடிக்கும். எவ்வளவு இளக்கினாலும் அது திருந்தாது. கழற்றிய சிங்க் குழாய்களைப் பாவிப்பவர்களும் உண்டு. மேலே குரோம் முலாம் இருந்தால் அதை டைக்குள் விடாதீர்கள். குரோம் மிகக் கடினம். டையையும் கீறும், தானும் செதில் செதிலாக உடையும்.

டையைப் பற்றி நீங்கள் எழுதியது கொஞ்சம்தான், ஆனாலும் ஊகிக்க முடிகிறது. நேராக ஒரு துளை கடைந்து, வாயில் 45 பாகைக்கு ஒரு சரிவு வெட்டியிருப்பீர்கள். பலரும் செய்வது அதுதான். சரிவும் நேர்த்துளையும் சந்திக்கும் இடத்தில் ஒரு கூர்விளிம்பு இருக்கும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், நகம் தடக்கும். உங்கள் நெடுங்கீறல் அங்கேதான் பிறக்கிறது. அந்த விளிம்பு பித்தளையை ஒடுக்காமல் சுரண்டுகிறது. சுரண்டிய பித்தளை டையில் ஒட்டுகிறது, ஒட்டிய பித்தளை அடுத்த துண்டைக் கீறுகிறது. சரிவை ஒரு பக்கத்துக்கு 12 பாகை அளவுக்கு நீட்டி, நேர்த்துளையோடு சேரும் இடத்தை வளைவாக உருட்டி எடுங்கள். நேர்த்துளை 5, 6 மில்லிமீற்றர் நீளம் இருந்தால் போதும். அதற்குப் பிறகு வெளிவாசலை அகட்டிவிடுங்கள். நீளமான நேர்த்துளையால் அளவு இன்னும் சரியாக வந்துவிடாது. உரசல்தான் கூடும்.

டையை மெல்லிரும்பில் செய்தால் பித்தளை சீக்கிரம் ஒட்டும். பழைய லொறி அக்சில் துண்டில் கடைந்து, உலையில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு மறுசூடு கொடுத்த டை வருடக்கணக்கில் நிற்கும். உள்ளே 600, பிறகு 1200 எமரித்தாளால் தேயுங்கள். கடைசித் தேய்ப்பைத் துண்டு போகும் திசையிலேயே, நெடுகச் செய்யுங்கள். வட்டமாகத் தேய்த்து விட்ட கோடு ஒவ்வொன்றும் குறுக்கே நிற்கிற ஒரு சின்ன வரம்பு. ஒட்டிய பித்தளையை இரும்பால் சுரண்டி எடுக்க வேண்டாம், பிராசோ பொலிஷும் துணியும் போதும்.

பூசுவது என்ன? எஞ்சின் ஒயில் மெல்லியது, அழுத்தம் வந்தால் விலகி ஓடிவிடும். கியர் ஒயிலில் இருக்கும் கந்தகம் பித்தளையைக் கறுப்பாக்கும். எங்கள் பட்டறையில் சன்லைட் சவர்க்காரத்தைச் சீவி, கொஞ்சம் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் சேர்த்து உருக்கிய களியைத்தான் பாவிக்கிறோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒயில் கிடைக்காமல் பழகியது. தடை நீங்கிய பிறகும் நான் மாற்றவில்லை, ஏனென்றால் அதுவே சிறந்தது. விரல் நுனியில் எடுத்துத் துண்டின் மேல் மெல்லிதாக, முழுவதும் தடவுங்கள். அப்பிவிடக் கூடாது. மிஞ்சிய களி டைக்குள் ஒதுங்க இடமில்லாமல் பித்தளையில் குழி விழுத்தும். ரைபிள் கோதை ஒடுக்குபவர்களுக்கும் இதே தொல்லைதான். கழுத்துக்குக் கீழே தோள்ப்பக்கத்தில் பள்ளம் விழுந்த கோதைப் பார்த்தாலே பூச்சு மிஞ்சிவிட்டது என்று கண்டுபிடித்து விடுவார்கள்.

துண்டு டைக்குள் இறுகிவிட்டால் சுத்தியலை எடுக்காதீர்கள். அடிக்க அடிக்க அது பருத்து இன்னும் இறுகும். டையைச் சூடாக்குவதும் பிழை. பித்தளை சூட்டில் உருக்கைவிட ஒன்றரை மடங்குக்கும் கூடுதலாக விரியும், அதனால் இறுக்கம் கூடும். அதற்கு எதிரானதைச் செய்யுங்கள், குளிராக்குங்கள். டையை அப்படியே ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, ஐஸ் கட்டும் தட்டில் ஓர் இரவு வையுங்கள். விரியும்போது கூடுதலாக விரிவது சுருங்கும்போதும் கூடுதலாகச் சுருங்கும். காலையில் எடுத்தவுடன் பிரஸ்ஸில் வைத்துப் பின்பக்கத்தால் தள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் குழாயின் உட்பக்கத்தில் மரை வெட்டி, பெரிய போல்ட்டை முறுக்கி இழுத்தெடுக்கலாம். கோது இறுகினால் ரைபிள் கோதை ஒடுக்குபவர்களும் அடியில் துளைத்து மரை வெட்டி இப்படித்தான் இழுக்கிறார்கள். அந்தத் துண்டு வீண்தான். டை தப்பும்.

19 இல் இருந்து 16க்கு ஒரே பாய்ச்சலில் போவதை விடுங்கள். நடுவில் 17.5க்கு இன்னொரு டை கடையுங்கள். முழுதாக இளக்கிய துண்டை 17.5க்கு ஒடுக்கி, திரும்ப இளக்காமல் 16க்குத் தள்ளுங்கள். இரண்டாவது ஒடுக்கத்தில் பித்தளை தேவையான அளவு கடினமாகிவிடும். பூணுக்கு அந்தக் கடினம் வேண்டும், இல்லாவிட்டால் சுத்தியல் அடியில் பிதுங்கும். இதற்குப் பிறகுதான் மச்சானின் காணொளி உங்களுக்கு உதவப் போகிறது. ஒடுக்கி முடித்த துண்டைத் தண்ணீர்த் தட்டில் நிற்கவைத்து, வெளியே தெரியும் வாயை மட்டும் டோர்ச்சில் சுற்றிக் காட்டி இளக்குங்கள். பிறகு விளிம்பை மடியுங்கள். கிழியாது. நீங்கள் செய்த வேலை பிழையில்லை தம்பி, செய்த நேரம்தான் பிழை. ஹக்சோ விட்ட பிசிறை அரத்தால் எடுத்த பிறகு மடிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கிழிவு எப்போதும் ஒரு பிசிறில் இருந்துதான் தொடங்கும்.

அளவு மாறுவதற்கும் பாதிக் காரணம் கடினம்தான். டையை விட்டு வெளியே வந்ததும் பித்தளை கொஞ்சம் மீண்டு விரியும். கடினமான துண்டு கூடவும் இளகிய துண்டு குறையவும் மீளும். 16 மில்லிமீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் கடினமானது ஏறத்தாழ 0.05, இளகியது 0.02. ஒரு துண்டை நன்றாக இளக்கி மற்றதை அரைகுறையாக விட்டால் அந்த வித்தியாசம் பிடியில் ஏற்றும்போது கைக்குத் தெரியும். எல்லாத் துண்டையும் ஒரே தொகுதியாக இளக்குங்கள். 16 டைக்குள்ளால் ஒரு தடவை தள்ளி, அரைச் சுற்றுத் திருப்பி இன்னொரு தடவை தள்ளுங்கள். உங்களுக்கு முக்கியமான அளவு உள்விட்டம், ஏனென்றால் பிடி ஏறுவது அதற்குள்தான். ஒடுக்கும்போது குழாய் வெளியே சுருங்குவதோடு தடிப்பும் கொஞ்சம் கூடும். அதனால் உள்விட்டம் நீங்கள் போட்ட கணக்கைவிடச் சிறிதாக வரும். இரண்டு இரும்புக் கட்டை கடைந்து வையுங்கள், ஒன்று உள்ளே போக வேண்டியது, மற்றது போகக் கூடாதது. வேர்னியர் அளவுகோலை ஒவ்வொரு துண்டுக்கும் விட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இனிக் கார்த்திகை, மார்கழி வெடிப்பு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் ஒரு விஷயம் அறிய விரும்பினேன். அது கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்கள் போட்டு அனுப்பிய பட்டறைப் படத்தில் இருந்தது. பூண் அடுக்கிய தட்டுக்குக் கீழே காலபோக நெல்லுக்கு வாங்கிய யூரியா மூட்டைகள். சுவருக்கு அப்பால் ஆட்டுக்கொட்டில்.

பிரித்தானியர் காலத்து இந்தியாவில் இராணுவத்தின் ரவைகள் மழைக்காலத்தில் காரணமில்லாமல் கழுத்தில் வெடித்தன. சுடாத புது ரவைகள், பெட்டிக்குள் இருந்தபடியே. மழைக்காலத்தில் வருவதால் பருவ வெடிப்பு என்று பெயர் வைத்தார்கள். 1921இல்தான் காரணம் தெளிவாக எழுதப்பட்டது. குதிரை லாயங்களில் மூத்திரம் அழுகி எழும் அமோனியா, ஈரக்காற்று, பித்தளைக்குள் ஒடுக்கும்போது அடைபட்ட இழுவிசை, மூன்றும் சேர்ந்தால் வெடிக்கும். ஒன்று குறைந்தால் வெடிக்காது. கழுத்து வெடித்ததும் அதனால்தான். தொழிற்சாலையில் கடைசியாக ஒடுங்கிய இடம் அது.

உங்கள் தட்டில் மூன்றும் இருக்கின்றன. உள்ளே அச்சு இல்லாமல் குழாயை ஒடுக்கும்போது வெளித்தோலில் சுற்றுவாக்கில் இழுவிசை தங்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பூண் பளபளவென்று இருக்கும். அதைப் பாலைப் பிடியிலோ முதிரைப் பிடியிலோ இறுக்கி அடித்ததும் இழுவிசை கூடும். மாரி வந்து மரம் ஈரம் குடித்துப் பருத்ததும் இன்னும் கூடும். அந்த நேரத்தில் யூரியா மூட்டையின் அடி ஈரத்தில் நனைந்து, மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமிகள் அதை உடைத்து அமோனியாவை எழுப்பும். கொட்டிலில் இருந்தும் வரும். மூக்கைக் கரிக்கிற அளவு தேவையில்லை, மிகக் கொஞ்சமும் போதும். வெடிப்பு நேராக, நெடுக, மயிரிழையாகத் தொடங்குவதற்குக் காரணம் இழுவிசை சுற்றுவாக்கில் இருப்பதுதான். உங்கள் ஓடாவிமாரில் எத்தனை பேர் மாட்டுக்கொட்டில் பக்கத்தில் உளி வைக்கிறார்கள் என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது. அதனால் மூட்டையை இடம் மாற்றுவது மட்டும் போதாது. இழுவிசையைப் பட்டறையிலேயே எடுத்துவிட வேண்டும்.

அதற்கு 260 பாகை அளவில் ஒரு மணித்தியாலம் வைத்தால் போதும். அந்தச் சூட்டில் பித்தளை இளகாது, கடினம் அப்படியே நிற்கும். அடைபட்ட இழுவிசை மட்டும் தளரும். அவ்வளவு துல்லியமாக அடுப்பில் எப்படிப் பிடிப்பது என்று கேட்பீர்கள். கச்சான் வறுக்கிறவர் மணலில் வறுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே மணற்சட்டி. சமையலுக்குத் திரும்ப எடுக்காத பழைய இரும்புச் சட்டியில் காய்ந்த மணல் நிரப்பி, துடைத்துச் சுத்தமாக்கிய பூண்களைப் புதையுங்கள். பூண்களின் மட்டத்தில் இரண்டு சின்னத் தகரக் கிண்ணங்களையும் புதைத்து வையுங்கள். ஒன்றில் ஈயமில்லாத சோல்டர் கம்பித் துண்டு, மற்றதில் மீன்வலை ஈயக்குண்டு ஒன்று. சோல்டர் 217க்கும் 227க்கும் இடையில் உருகும், ஈயம் 327 இல் உருகும். சோல்டர் உருகி, ஈயம் உருகாமல் இருக்கும்படி நெருப்பைப் பிடித்து வைத்தால் நீங்கள் வேண்டிய இடத்தில் நிற்கிறீர்கள். முற்றத்தில், காற்றோட்டமாக வையுங்கள். சட்டி ஆறிய பிறகு எடுங்கள்.

வாயை மடித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். மடிப்பும் இழுவிசை போடும். செய்த பிறகு பிடியில் ஏற்றும்போது அசுர இறுக்கம் வேண்டாம். நன்றாகக் காய்ந்த மரத்தில், மரச்சுத்தியலால் இறுக்கமாக ஏறும் அளவு போதும். பச்சை மரத்தில் ஏற்றிய பூண் கோடையில் கழன்று விழும், அதற்காகக் கூட இறுக்கினால் மாரியில் வெடிக்கும்.

ஓடாவிமாரிடம் கொடுப்பதற்கு முன் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மணற்சட்டியில் வைத்த பூண் மூன்று, வைக்காத பூண் மூன்று எடுங்கள். அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் ஒரு கைபிடி ஈரச் சாணமும் இரண்டு கரண்டி யூரியாவும் கலந்து போடுங்கள். பூண்கள் அதில் படாமல் நூலில் தொங்கவிட்டு மூடியை இறுக்குங்கள். நிழலில் ஒரு கிழமை. திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, வெளியில் நின்று திறவுங்கள். பூண்கள் கறுத்திருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். கழுவி, புளியில் விளக்கி, வெயிலில் பிடித்து நெடுகப் பாருங்கள். வாயோரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வைக்காத மூன்றில் மயிரிழை தெரிந்து, வைத்த மூன்றும் முழுதாக இருந்தால் அந்தத் தொகுதியைக் கொடுக்கலாம். வைத்ததிலும் ஒன்று வெடித்திருந்தால் சட்டிச் சூடு போதவில்லை. மிச்சத்தைத் திரும்ப மணலில் புதைத்து, சோல்டர் உருகியதைக் கண்ணால் கண்ட பிறகு மணிக்கூட்டைப் பாருங்கள்.